பாதுகாப்பானது அன்று

பேனாவில் முதலில் மை ஊற்றிக்கொள்ளுங்கள், அமிர்தராஜ். நான் சொல்லப்போவது நீளமானது. நடுவில் மை தீர்ந்து வேறு மை ஊற்றினால் எழுத்தின் நிறம் மாறும். நிறம் மாறிய வாக்குமூலத்தைப் படிப்பவர், இருவர் எழுதியது என்று ஐயப்படுவார்.

என் பெயர் சந்திரம்மாள். வயது அறுபத்து நான்கு. ஸ்ரீரங்கத்தில் வடக்கு அடையவளஞ்சான் வீதியில் தனியாக வசிக்கிறேன். பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றேன். புத்தூரில் எனக்கு ஒரு சிறிய வீடு உண்டு. அதில் அற்புதசாமி என்பவர் குடியிருந்தார். அவர் இப்போது இல்லை. இவ்விடத்தில் ‘இல்லை’ என்பது சரியான சொல். இருந்த ஒருவரின் இன்மையை அது குறிக்கிறது. அப்படியே எழுதுங்கள்.

அற்புதசாமி நல்லவர். அதையும் எழுதுங்கள். கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் தேர் என்று எங்கே அழைத்தாலும் போய் மைக் செட் கட்டுவார். குடிப்பதில்லை. என்னைக் கண்டால் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார். வீட்டு வாசலில் ஒரு தகரப் பலகை மாட்டியிருந்தார். நீலப் பரப்பில் மஞ்சள் எழுத்து. ‘இங்கு மைக் செட் வாடகைக்கு கிடைக்கும்.’

வாடகைக்கு என்பதற்கும் கிடைக்கும் என்பதற்கும் இடையே ஒரு ‘க்’ வர வேண்டும். நான்காம் வேற்றுமை விரியில் வல்லினம் மிகும். நீங்கள் தலையாட்டுகிறீர்கள், ஆனால் சற்று முன் வேறொரு தாளில் ‘ஊருக்கு போனேன்’ என்று எழுதியதைப் பார்த்தேன். பிறகு திருத்திக்கொள்ளலாம்.

முதல் ஆண்டு அவரிடம் நேரில் சொன்னேன். "சேத்துடலாம் டீச்சர்" என்றார். இரண்டாம் ஆண்டு அஞ்சலட்டையில் எழுதினேன். பதில் இல்லை. மூன்றாம் ஆண்டு, அதாவது இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில், தெருவில் நாலு பேர் நிற்கும்போது மறுபடியும் கேட்டேன். அவர் சிரித்தார்.

"ஒரு க்குதானே டீச்சர்! அது இல்லாட்டி செட்டு பாடாமப் போயிடுமா? ‘மைக்’லயே ஒரு க் சும்மாத்தான் கெடக்கு. அதைக் கொஞ்சம் தள்ளிப் படிச்சுக்குங்க."

நின்றவர்களும் சிரித்தார்கள். எதிர்வீட்டு ராசாத்தி முறத்தை வைத்துவிட்டே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, கோபமும் கொள்ளவில்லை. அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினேன்.

ஆனி மாதத்தில் அவரே என்னைத் தேடி வந்தார்.

"மெயின் சுவிட்சுப் பெட்டியைத் தொட்டா சுள்ளுனு இழுக்குது டீச்சர். மைக்கைப் புடிச்சா அதுலயும் வருது. மரப்பலகையைப் போட்டு மேல ஏறி நின்னுதான் வேலை பாக்குறேன். என்னான்னு கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க."

எழுத்துமூலம் விண்ணப்பம் தாருங்கள் என்றேன். தந்தார். ஒன்பது வரி, பதினான்கு பிழைகள். எல்லாவற்றையும் திருத்திப் படியெடுத்து, மின்சார அலுவலகத்துக்கு நானே அனுப்பினேன். கடமையில் தவறினேன் என்று என்னை எவரும் சொல்ல இயலாது.

மின் ஆய்வாளர் சின்னையன் வந்த நாளில் அற்புதசாமி மணப்பாறையில் ஒரு கல்யாணத்துக்குச் செட் கட்டப் போயிருந்தார். என்னிடமிருந்த சாவியால் வீட்டைத் திறந்துவிட்டேன். சின்னையன் சோதனை விளக்கைப் பெட்டியில் வைத்தார். விளக்கு எரிந்தது. அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"எர்த் கம்பியே அத்துப் போயிருக்கும்மா. பெட்டி முழுக்கக் கரண்டு. ஒரு கையில மைக்கு, ஒரு கையில பெட்டின்னு ஈரத்தரையில நின்னாருன்னா ஆளு அவுட்டு" என்றார். உடனே உட்கார்ந்து அறிக்கை எழுதினார்.

அலுவலகங்களில் இனித் தமிழில் எழுத வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். சின்னையனுக்கு அது புதுப் பழக்கம். அரைமணி நேரம் யோசித்து எழுதினார். ‘இவ்வீட்டின் மின்னிணைப்பு பாதுகாப்பானது அல்ல.’

நான் பெற்றுக்கொள்ளவில்லை. மின்னிணைப்பு ஒன்று, அஃது ஒன்றன்பால். ‘அல்ல’ என்பது பலவின்பாலுக்கு உரியது. ஒன்றைப் பலவாகக் கூறும் அறிக்கை எந்த வீட்டைப் பற்றியது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சிவப்பு மையால் அடிக்கோடிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"அம்மா, அல்லன்னா என்ன, வேற எதுவா இருந்தா என்ன? தொட்டா ஆளு போயிடும்மா" என்றார்.

"அப்படியானால் அதைப் பிழையில்லாமல் எழுதுங்கள்" என்றேன்.

அடுத்த வாரம் ஸ்ரீரங்கத்துக்கே கொண்டுவந்தார். ‘பாதுகாப்பானது இல்லை’ என்று எழுதியிருந்தார். ‘இல்லை’ பொருளின் இன்மையைச் சொல்லும். தன்மையை மறுக்க அதைப் பயன்படுத்துவது தளர்ந்த நடை. அதையும் திருப்பினேன். அதற்கடுத்த வாரம் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து, வாசற்படியில் நின்றபடியே தலையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு வரிக்காக மூணு வாரமாக் காவேரிப் பாலத்தைத் தாண்டிக்கிட்டு இருக்கேன். அந்த மனுசன் செத்துத் தொலைஞ்சா யாரும்மா பதில் சொல்றது? இந்தாங்க, எடத்தை விட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கேன். நீங்களே எழுதிக்குங்க."

இரண்டு படிகள் தந்தார். ஒன்று வீட்டுக்காரருக்கு. மற்றொன்றைப் பழுதுபார்க்கும்வரை மெயின் சுவிட்சுக்கு மேலே சுவரில் ஒட்டிவைக்க வேண்டும். அறிக்கை கிடைத்த நாளிலிருந்து பதினைந்து நாள்களுக்குள் பழுதுபார்க்க வேண்டும். எனக்கு அறிக்கை அன்றுதான் கிடைத்தது. முந்தைய இரண்டையும் அறிக்கை என்று நான் கருதவில்லை.

இந்த மூன்று வாரங்களில் அற்புதசாமியிடம் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். அவர் இருமுறை கேட்டார். "என்ன டீச்சர், ரிப்போர்ட்டு வந்துச்சா?" என்றார். திருத்தத்தில் இருக்கிறது என்றேன். அது முழு உண்மை. பிழையுள்ள அறிக்கையை நம்பி ஒருவரை அச்சுறுத்துவது முறையன்று. மேலும், அவர் பலகைமேல் நின்றுகொண்டுதான் இருந்தார்.

அன்று பிற்பகல் என் மேசையில் அமர்ந்து, இரண்டு படிகளிலும் விட்ட இடத்தில் எழுதினேன். ‘இவ்வீட்டின் மின்னிணைப்பு பாதுகாப்பானது அன்று.’ மை உலர்ந்தபின் ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஒன்றன்பாலை மறுக்கும் சொல் ‘அன்று’. குறையில்லாத வாக்கியம்.

மறுநாள் புத்தூருக்குப் போய், நானே பசை தடவிச் சுவரில் ஒட்டினேன். அற்புதசாமி கண்ணாடி அணிந்து, விரலை வரியின் அடியில் ஓட்டிப் படித்தார்.

"ஆய்வு நாள் போட்டிருக்கு... ‘பாதுகாப்பானது அன்று.’ அப்படின்னா அன்னைக்கே பாதுகாப்பாயிடுச்சா டீச்சர்? நான் மணப்பாறையில இருந்தப்பவே வந்து சரி பண்ணிட்டுப் போயிட்டாரா?"

நான் சொன்ன விடையை அப்படியே எழுதுங்கள். "எழுதியிருப்பதில் ஒரு பிழையும் இல்லை" என்றேன்.

"நீங்க பாத்ததுன்னா அப்புறம் கேக்கணுமா! கரண்டுக்கே இலக்கணம் கத்துக் குடுக்குற ஆளாச்சே நீங்க" என்றார். பிறகு குனிந்து, பெட்டியின் கீழே கிடந்த அந்த மரப்பலகையை எடுத்துப் போய்த் தண்ணீர்ப் பானையின் அடியில் போட்டார். பானை அதுவரை ஆடிக்கொண்டிருந்தது, பிறகு ஆடவில்லை.

அதற்கு மறுநாள் காலையும் நான் போனேன். ஏன் போனேன் என்பதற்குத் தனிக் காரணம் இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போதே ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது.

"மைக் டெஸ்டிங். ஒன்னு... ரெண்டு..."

ஒன்று, இரண்டு என்பவையே செம்மையான வடிவங்கள். அதை மனத்தில் குறித்துக்கொண்டு அடுத்ததற்காகக் காத்திருந்தேன். அடுத்தது வரவில்லை. ஓர் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. ராசாத்தி வாசலுக்கு வந்து, "என்னங்க இது, ரெண்டோட நிறுத்திட்டாரு? மூணு எங்க?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு அவள் சிரிக்கவில்லை.

தரையைக் கழுவிவிட்டிருந்தார். காலில் செருப்பு இல்லை. ஒரு கையில் மைக். மற்றொரு கை பெட்டியில். சின்னையன் சொன்ன வரிசையில் ஒன்றும் மாறவில்லை. அவர் மின்சாரம் அறிந்தவர், தமிழ்தான் அறியாதவர்.

கூட்டம் கூடியபோது நான் வாசலில் நின்று தகரப் பலகையைப் பார்த்தேன். ‘வாடகைக்குக் கிடைக்கும்’ என்று இருந்தது. நெருக்கிய இடத்தில் ஒரு புதிய ‘க்’. வண்ணம் இன்னும் ஈரமாக இருந்தது. ராசாத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"காலையிலதான் ஏணி போட்டு ஏறி எழுதினாருங்க. ‘டீச்சரு எனக்குக் கரண்டையே சரி பண்ணிக் குடுத்துட்டாங்க, அவங்களுக்கு நான் ஒரு க் குடுக்க மாட்டேனா’ன்னு சொல்லிச் சிரிச்சாருங்க."

எழுத்து சரியான இடத்தில் இருந்தது. புள்ளி சற்றுப் பெரிது. ஆனாலும் ஏற்கத்தக்கதே.

அன்று மாலைக்குள் புது எர்த் கம்பி போடச் செய்தேன். கெடு முடிய இன்னும் பதின்மூன்று நாள்கள் இருந்தன.

நான் இங்கே வந்த காரணத்தை இனிச் சொல்கிறேன். சின்னையனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அது வருந்தத்தக்கது, ஆயினும் அதற்காக நான் வரவில்லை. நேற்று நாளிதழில் செய்தி வந்தது. ‘பிழையான அறிக்கையால் மைக் செட்காரர் பலி.’ பிழையான அறிக்கை என்று அச்சிட்டிருக்கிறார்கள். காபியை அப்படியே வைத்துவிட்டுப் புறப்பட்டேன். அந்த வாக்கியம் என்னுடையது. எழுவாயும் பயனிலையும் பாலும் எண்ணும் பொருந்திய வாக்கியம்.

உங்கள் சப்-இன்ஸ்பெக்டர் பண்புள்ளவர். எல்லாவற்றையும் கேட்டபின் எனக்குத் தண்ணீர் கொடுத்து, மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, வயசான காலத்துல ஏதோ கை தவறி எழுதிட்டேன், அவரு தப்பாப் புரிஞ்சுக்கிட்டாருன்னு ஒரு வரி குடுங்க. பஸ்ஸு வேண்டாம், ஜீப்புலயே வீட்டுல விட்டுடச் சொல்றேன்."

அன்புள்ள சொற்கள். ஆனால் உண்மையல்லாதவை. ஆகையால் கடைசிப் பத்தியைக் கவனமாக எழுதுங்கள், அமிர்தராஜ்.

‘பாதுகாப்பானது’, ‘அன்று’ ஆகிய இரண்டையும் நான் எப்போதும் சேர்த்தே எழுதுவேன். பாதுகாப்பானதன்று. முப்பத்திரண்டு ஆண்டுகள் கரும்பலகையில் அப்படித்தான் எழுதினேன். பிரித்து எழுதிய மாணவியரை மறுபடி எழுதச் செய்தேன். ஏனெனில் பிரித்தால் படிப்பவர் அந்த நாள் என்று மயங்குவர் என்பது ஏழாம் வகுப்பிலேயே ஆண்டுதோறும் கண்ட செய்தி. சேர்த்து எழுதியிருந்தால் அற்புதசாமிக்குப் புரிந்திருக்காது. புரியாவிட்டால் கேட்டிருப்பார். கேட்டால் நான் பொருள் சொல்லியிருப்பேன். கேட்டவருக்குப் பொருள் சொல்லாமல் நான் இருந்ததில்லை. ஆகையால் பிரித்து எழுதினேன். ஒரு விரற்கடை இடைவெளி விட்டேன். பிரித்து எழுதுவதற்கும் இலக்கணத்தில் இடம் உண்டு. கை தவறவில்லை. அவர் எப்படிப் படிப்பார் என்று அறிந்தே எழுதினேன்.

‘கொலை செய்தேன்’ என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்கிறீர்கள். எழுதுங்கள். இரண்டாம் வேற்றுமைத் தொகை. நடுவில் ‘ச்’ போட்டுவிடாதீர்கள்.

பிழை செய்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். நான் பிழை செய்பவள் அல்லேன்.