பாஷா பாயின் இத்தாலித் தோல்

காரை வெளியே கழுவுவது வேறு, உள்ளே சுத்தம் செய்வது வேறு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மேடம், பின்னால் குழப்பம் வரக்கூடாது. வெளியே கழுவுகிறவனுக்கு ஒரு பைப்பும் ஒரு வாளியும் போதும். உள்ளே செய்கிறவனுக்குப் பொறுமை வேண்டும், பழைய டூத் பிரஷ் வேண்டும், ஏசி ஓட்டைக்குள் விடப் பஞ்சு சுற்றிய குச்சி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிய வேண்டும். ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொந்தக்காரர்களுக்குத் தெரிவதைவிட, அவர்கள் கார் சீட்டுக்கு அடியில் கை விட்டவனுக்கு அதிகம் தெரியும். சர்க்கரை வியாதி என்று டீயை வேண்டாம் என்பவர் சீட்டுக்கு அடியில் மக்கன்பேடா பாகு உறைந்து கிடக்கும். சுத்த சைவம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்பவர் வண்டியில் கோழி எலும்பு கிடைக்கும். நான் துடைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவேன்.

பெயர் பூவரசன். ஆம்பூர் பைபாஸில் கடை. போர்டில் 'லெதர் இன்டீரியர் ஸ்பெஷலிஸ்ட்' என்று போட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் டேனரியில் ஃபினிஷிங் பிரிவில் இருந்தேன். தோலைத் தொட்டால் ஆடா மாடா, முதுகா வயிறா என்று சொல்லிவிடுவேன். எங்கள் ஊரில் அது ஒரு பெருமையில்லை. பெட்டிக்கடைக்காரரே சொல்வார்.

மஹபூப் பாஷா பாயை உங்களுக்குத் தெரியும். ஷூ எக்ஸ்போர்ட். அவர் தும்மினால்கூட ஏதோ அறிக்கை விட்ட மாதிரி இருக்கும். புது வண்டி எடுத்த மறுநாள், தன் கம்பெனி மேனேஜர்கள் மூவரோடு என் கடைக்கு வந்தார்.

"பூவரசா, இது இன்னா சீட்டு தெரியுமா? பூரா இத்தாலித் தோலு. கன்னுக்குட்டியோட வயித்துப் பக்கம். வெண்ணெ மாரி இருக்கும், தொட்டுப் பாரு."

வயிற்றுப் பக்கம் என்பது தோலிலேயே மட்டமான இடம். ஷூவின் நாக்குக்குத்தான் அதை வெட்டுவார்கள். இதைத் திருத்த எனக்குத் தோன்றவில்லை. மேனேஜர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து தடவிப் பார்த்து "ஃபர்ஸ்ட் கிளாஸ் பாய்" என்றார்கள். ஒருவர் சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் தடவிப் பார்த்தேன்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றேன்.

அன்றிலிருந்து அந்த வண்டி என் பொறுப்பு. வாரம் தவறாமல் வரும். உள்ளே உறிஞ்சி எடுத்து, தையல் தையலாகப் பிரஷ் போட்டு, லெதர் கிரீம் தடவி அனுப்புவேன். வண்டியில் ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று பாய் சட்டம் போட்டார். ஷூ விற்றுப் பெரிய ஆளானவர் வண்டியில், அவர் கம்பெனி ஷூவைப் போட்டுக்கொண்டு ஏற முடியாது. இந்த வேடிக்கையை யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஊரில் அவரிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன்.

பாயின் மகன் நயீம் அகமது. சாதுவான பிள்ளை. பெண் வீடு மேல்விஷாரம். பெண்ணின் அப்பா முனீர் அகமது, டேனரி முதலாளி, கடிகாரத்தைப் பார்த்தே மூச்சு விடுகிறவர். முதலில் வந்த ஒரு சம்பந்தத்தை, மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்துக்கு நேரம் கழித்து வந்தார்கள் என்று வாசலோடு திருப்பி அனுப்பியவர். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்த கையோடு நிக்காஹ், அதை முடித்துக்கொண்டு காஜி ராணிப்பேட்டையில் வேறு கல்யாணத்துக்குப் போகிறார் என்று சொல்லிவிட்டார். நேரத்துக்குப் போகாவிட்டால் இந்தச் சம்பந்தமும் வாசலோடு சரி. அந்தப் பிள்ளை பெண்ணின் போட்டோவைப் பர்ஸில் வைத்துக்கொண்டு அலைந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே எனக்கும் அக்கறை இருந்தது.

அன்று டிரைவருக்குக் காய்ச்சல். பாய் என்னைக் கூப்பிட்டார். "நீயே ஓட்டு. சீட்டோட அருமை தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்." அவர் வீட்டாரோடு வேனில் முன்னால் போய்விட்டார். என் வண்டியில் மாப்பிள்ளை, அவர் தோஸ்த் வக்கார், மாப்பிள்ளை 'பூஃபி' என்று கூப்பிடும் பாயின் அக்கா நசீமுன்னிசா.

மாப்பிள்ளைக்கு அக்கா தங்கைகள் புறப்படும் நேரத்தில்தான் உள்ளங்கை நிறைய மருதாணி வைத்திருந்தார்கள். காயவில்லை. துவா கேட்பவர் போல இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தபடியே ஏறினார். மருதாணி என்பது ஒரு வகையில் தோல் சாயம்தான் மேடம், ஆவாரம்பட்டை, கடுக்காய் மாதிரி. நல்ல தோலில் ஏறினால் இறங்காது. இதை எல்லோருக்கும் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

மாதனூர் தாண்டுவதற்குள் வக்கார் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"தம்பி, வேணாம். சீட்டு."

"அட இன்னா அண்ணே, பேஜார் பண்றீங்க. கல்யாண மாப்பிள்ளையே பசியா கீறான். நான் ஊட்டி விடறேன்."

பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காயை ஊட்டினார். ஒரு துண்டு வழுக்கிச் சீட்டில் விழுந்தது. எண்ணெயோடு. நான் கண்ணாடியில் பார்த்தேன். நசீமுன்னிசா அம்மா கைக்குட்டையால் ஒரு இழுப்பு இழுத்தார்.

"கவலப்படாதே பேட்டா. தொடச்சதும் போயிடுச்சு. இருந்த எடமே தெரில."

அந்தச் சொல் எனக்கு ஆறுதலாக இல்லை.

வண்டியை ஓரம் கட்டினேன். பின் டயரில் ஏதோ சத்தம் வருகிறது, கொஞ்சம் பார்க்க முடியுமா என்று வக்காரைக் கேட்டேன். இறங்கினார். பொட்டலத்தையும் ஜன்னல் வழியாக அவர் கையில் கொடுத்துவிட்டேன். பசியோடு ஒருவரை நடுரோட்டில் விடும் அளவுக்கு நான் கல்நெஞ்சன் இல்லை. அவர் குனிந்து டயரில் காது வைத்தபோது கிளம்பினேன்.

"அண்ணே, வக்காரு" என்றார் மாப்பிள்ளை.

"பின்னாடி வர்ற வேன்ல வருவாரு தம்பி."

பின்னால் வேன் எதுவும் இல்லை.

நசீமுன்னிசா அம்மா திரும்பி, வக்கார் தெரிகிறாரா என்று பின்கண்ணாடியில் பார்த்தார். பிறகு எண்ணெய் விழுந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கத் தொடங்கினார். அவர் தகப்பனார் அந்தக் காலத்துத் தோல் மண்டிக்காரர். அழுத்தினார், விரலை முகர்ந்தார், மறுபடி அழுத்தினார்.

"யாப்பா பூவரசா" என்றார்.

"அம்மா, பள்ளிகொண்டா டோல்கேட்டுல பாத்ரூம் ரொம்ப சுத்தமா இருக்கும். அப்புறம் மண்டபத்துல கூட்டம் ஜாஸ்தி" என்றேன்.

வயதானவர்களிடம் இந்த யோசனையை யாராவது சொன்னால் மறுக்க மாட்டார்கள். அவர் இறங்கி உள்ளே போனார். அவருடைய வெற்றிலைப் பெட்டியை அங்கிருந்த வாட்ச்மேனிடம் மரியாதையாக ஒப்படைத்துவிட்டுத்தான் புறப்பட்டேன்.

"அண்ணே, பூஃபி. ஐயோ, பூஃபியை வுட்டுட்டீங்க. அப்பாகிட்ட சொல்வேன்."

"சொல்லுங்க தம்பி. ஆனா சீட்டுல கை வைக்காம சொல்லுங்க."

சத்துவாச்சாரி தாண்டியதும் முன்னால் போன லாரி பிரேக் போட்டது. நானும் போட்டேன். மாப்பிள்ளை விழாமல் இருக்க ஒரு கையை ஊன்றிவிட்டார். ஐந்து விரலும் ரேகையும் தெரிய, முழுக்கை பதிந்தது.

"சாரிண்ணே. தண்ணி பாட்டில் குடுங்க, நானே தொடச்சிடறேன்."

"தொடாதீங்க."

என் வாழ்க்கையில் நான் குரலை உயர்த்தியது அப்போது மட்டும்தான்.

ஓரமாக நிறுத்திப் பின்கதவைத் திறந்தேன். டிக்கியில் கார்பெட் விரித்திருந்தது. கார்பெட் ஒரு நாணயமான பொருள் மேடம், கறை பட்டால் பட்டதுதான். பாயின் கம்பெனி ஷூ பைகள் ஒரு கட்டு அங்கே இருந்தது. மாப்பிள்ளையின் இரண்டு கைகளுக்கும் ஒவ்வொரு பை மாட்டி, மணிக்கட்டில் நாடாவை முடிந்தேன்.

"இதுக்குள்ள உக்காரணுமா?"

"அப்பா ஆர்டர் தம்பி."

உடனே ஏறிக்கொண்டார். மஹபூப் பாஷாவுக்கு மகனாக வளர்ந்த பிள்ளை. அப்பா சொன்னார் என்றால் சுண்ணாம்புத் தொட்டியிலும் இறங்குவார். கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்க்கலாம், ஏசிக் காற்றும் வரும். மூச்சு முட்டியது என்று புகாரில் இருந்தால் அது மிகை. ஒரு பள்ளத்தில் தலை இடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அஸர் தொழுகை முடிந்து கூட்டம் வாசலில் நின்றிருந்தது. முனீர் அகமது ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்திருந்தார். பாய் அத்தர் மணக்க முன்னால் வந்து, ஊரே பார்க்கக் கதவைத் திறந்தார். உள்ளே யாரும் இல்லை. அவ்வளவு சுத்தமான காலி வண்டியை அந்த மண்டபம் பார்த்திருக்காது.

"பையன் எங்கடா?"

"டிக்கியில பாய்."

திறந்தார்கள். பூச்சரம் ஒரு பக்கமாகச் சரிந்து, கையில் கம்பெனி முத்திரை போட்ட பைகளோடு மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்தார். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். வளர்ப்பு அப்படி.

முனீர் அகமது ரொம்ப நேரம் பார்த்தார். "சம்பந்தி, எங்க ஊட்டு மாப்பிள்ளைய லக்கேஜ்ல போட்டா கொண்டாந்தீங்க?"

பாய் சமாளித்தார். மனிதர் சமாளித்த விதத்தைப் பாராட்டத்தான் வேண்டும். "சீட்டு பூரா இத்தாலித் தோலு சம்பந்தி. மருதாணி பட்டா போச்சு. அதான் ஒரு முன்னெச்சரிக்கை."

முனீர் அகமது பின்சீட்டுப் பக்கம் தலையை நுழைத்தார். கைரேகை காய்ந்து கிடந்தது. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார், முனையை நாக்கில் தொட்டு ஈரமாக்கினார், ஒரே ஒரு முறை துடைத்தார். வெளியே வந்து கைக்குட்டையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், பாயைப் பார்த்தார்.

"ரெக்சின்" என்றார்.

பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து மேல்விஷாரத்தில் யாரும் பார்த்ததில்லையாம். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். சிரித்துக்கொண்டே மாப்பிள்ளையின் தோளைத் தட்டி உள்ளே அழைத்துப் போனார். காஜி கிளம்புவதற்குள் நிக்காஹ் முடிந்தது. அந்த வகையில் யாருக்கும் நஷ்டமில்லை.

பாய் மட்டும் சிரிக்கவில்லை. அத்தனை பேர் நடுவிலும் என்னைக் காட்டி, "ஒரிஜினல் தோல உரிச்சு வித்துட்டு ரெக்சினப் போட்டுட்டான் இவன்" என்றார். மேனேஜர்கள் மூவரும் முன்னால் வந்தார்கள். "ஆமா பாய், ஃபர்ஸ்ட் கிளாஸ் தோலு. நாங்களே தடவிப் பாத்தோமே" என்றார்கள். அதனால்தான் நான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

உண்மையைக் கேட்டீர்கள். முதல் நாள் தடவியபோதே தெரியும். அவர்கள் போன பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். உருண்டு நின்றது. தோல் என்றால் குடித்திருக்கும்; ரெக்சின் துணிமேல் பூசிய பிளாஸ்டிக். வாரா வாரம் தடவிய கிரீமில் ஒரு துளியையும் அந்தச் சீட்டு குடிக்கவில்லை. தடவி, ஊறுவதற்குக் காத்திருப்பது போலக் காத்திருந்து, அப்படியே வழித்தெடுத்தேன். கறை பட்டுவிடும் என்று நான் பயந்ததாக எல்லோரும் நினைக்கிறார்கள். கறை படாமல் போய்விடுமே என்றுதான் பயந்தேன். ஆம்பூரில், 'லெதர் ஸ்பெஷலிஸ்ட்' போர்டுக்குக் கீழே நின்று, ரெக்சினை ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு சீட்டைத் தொட்ட ஒவ்வொரு ஆளும் எனக்குச் சாட்சி. சாட்சிகளை ஒவ்வொருவராக இறக்கிவிட்டேன்.

ஷோரூமுக்கு ஒரு போன் போட்டால் எல்லாம் தெளிவாகிவிடும், என்னை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்கிறீர்கள். தயவுசெய்து போட வேண்டாம். இப்போது சொன்னதையும் எழுத வேண்டாம். திருடன் என்றால் எங்கள் தெருவில் ஜாமீனுக்கு நாலு பேர் வருவார்கள். ரெக்சினுக்குக் கிரீம் தடவியவனுக்கு யார் வருவார்? டீக்கடையில் எந்த முகத்தோடு போய் உட்காருவேன்?

இப்படி எழுதிக்கொள்ளுங்கள். சீட்டு இத்தாலித் தோல். முதல் தரம். உரித்து விற்றது பூவரசன். எங்கே விற்றேன் என்பது நினைவில்லை. கடைசியில் இதையும் சேர்த்துக்கொண்டால் உதவியாக இருக்கும்: நல்ல தோலைப் பார்த்தால் எனக்குக் கை நிற்காது.