பதினேழாம் எண் நோயாளி

பிரேமாவதிக்குச் செருப்பு வாங்கித் தருவது கல்யாணமான நாளிலிருந்து என் வேலைதான். கடைக்காரர் முன்னால் காலை நீட்ட அவளுக்குக் கூச்சம். அளவை மனத்தில் வைத்துக்கொண்டு நானே சுங்கை பட்டாணி டவுனில் வாங்கி வந்துவிடுவேன். ஆறாம் எண். ஆறு வருடங்களாக அதில் மாற்றமில்லை.

டாக்டர் ஷீலா, விசாரணைக் குழுவின் தலைவர் என்ற முறையில், நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். ஆரம்பம் இதுதான். 2018 மார்ச் மாதம் ஆறாம் எண் செருப்பு என் மனைவியின் காலைக் கடித்தது.

"எஸ்டேட்ல வெறுங்காலோட நடந்த காலு லா, வயசானா விரியத்தான் செய்யும்" என்று சிரித்தாள். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அந்த வயதில் பாதம் வளராது. அதே மாதத்தில் கல்யாண மோதிரத்தைக் கழற்ற முடியாமல் நகைக்கடையில் வெட்டி எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து விரல்களை எனக்குக் காட்டினாள். நான் அவள் கையை என் கைக்குள் வைத்து அழுத்திப் பார்த்தேன். உள்ளங்கை சற்றுத் தடித்து, மாவு போல் மெத்தென்று இருந்தது. அந்தத் தொடுதலை எனக்கு நன்றாகத் தெரியும். அதற்குள் பதினாறு பேரின் கைகளை நான் அப்படித் தொட்டுப் பார்த்திருந்தேன்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. அதில் ஒரு கட்டி வந்தால் வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும். வளர்ந்து முடித்த மனிதர்களின் கை, கால், தாடை, மூக்கு, இதயம் எல்லாம் மீண்டும் மெல்லப் பெரிதாகத் தொடங்கும். அதற்கு அக்ரோமெகலி என்று பெயர். இலட்சத்தில் சிலருக்கே வருவது. நான் சிகிச்சை தரும் டாக்டர் அல்ல. ஆய்வு செய்து பட்டம் வாங்கிய டாக்டர். நோயாளிகளைத் தேடிக் கண்டுபிடித்து, பதிவு செய்து, இரத்தம் எடுத்து, கட்டுரை எழுதுவது என் வேலை.

எட்டு வருடங்கள் கெடா மாநிலம் முழுக்க அலைந்தேன். பல் டாக்டர்களிடம் போய், பற்களுக்கு நடுவே புதிதாக இடைவெளி விழுந்தவர்கள் யாராவது வந்தார்களா என்று கேட்டேன். சுங்கை லாலாங்கிலும் குருணிலும் வீடு வீடாகப் பழைய ஐசி அடையாள அட்டைப் படங்களை வாங்கி இன்றைய முகத்தோடு ஒப்பிட்டேன். அப்படிக் கிடைத்தவர்கள்தான் அந்தப் பதினாறு பேர். எல்லோருமே பத்துப் பன்னிரண்டு வருடங்கள் தாமதமாகக் கிடைத்தவர்கள்.

புக்கிட் செலம்பாவில் குழந்தைவேலு என்று ஒரு லாரி டிரைவர். அவர்தான் என் முதல் நோயாளி. எப்போது ஆரம்பித்தது என்று மூன்று தடவை மாற்றி மாற்றிக் கேட்டேன். "எப்படி டாக்டர் சொல்றது? ஒரே நாள்லயா வளந்துச்சு? பொண்டாட்டியே தினம் பாத்துக்கிட்டு இருந்தா, அவளுக்கே தெரியல" என்றார். அடுத்த வருடம் இதயம் வீங்கி இறந்துபோனார். கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

மூன்று கட்டுரைகள் அனுப்பினேன். மூன்றும் திரும்பி வந்தன. மூன்றிலும் ஒரே வரி. நோயின் தொடக்க நிலை பற்றிய தகவல் இல்லை. நோயாளி வந்து சேர்வதே பத்தாம் வருடத்தில் என்றால் தொடக்கத்தை நான் எங்கே போய்த் தேடுவது? கோலாலம்பூரில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது புரிவதில்லை. என்னோடு படித்த பரஞ்சோதி பேராசிரியராகிவிட்டான். கூட்டங்களில் என்னைப் பார்க்கும்போது, "இன்னும் அந்த பெரிய கை ஆளுங்களத்தான் தேடிக்கிட்டு இருக்கியா?" என்று தோளில் தட்டுவான். நான் சிரித்து வைப்பேன்.

என் மனநிலை தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். சமாதானம் சொல்வதற்காக அல்ல.

மோதிரம் வெட்டிய மறுநாள் காலை, சர்க்கரை இருக்கிறதா பார்க்கலாம் என்று சொல்லி பிரேமாவின் இரத்தத்தை எடுத்தேன். அவள் மறுபக்கம் திரும்பிக்கொண்டு கையை நீட்டினாள். ஊசி என்றால் அவளுக்குப் பயம். ஒரு வாரத்தில் முடிவு வந்தது. வளர்ச்சி ஹார்மோன் இருக்க வேண்டிய அளவைப் போல் இரண்டு மடங்கு. ஆரம்ப நிலை, சந்தேகமே இல்லை. அந்த அளவில் கட்டி சிறியதாகவே இருக்கும். மூக்கு வழியாகக் கருவியை விட்டு எடுத்துவிட்டால் பெரும்பாலும் முழுக்கக் குணமாகிவிடும்.

அது எனக்கு அன்றே தெரியும். தெரியாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

மூன்று நாள் யோசித்தேன். சிகிச்சை செய்தால் ஹார்மோன் இறங்கிவிடும். இறங்கிய பிறகு அளப்பதற்கு ஒன்றுமில்லை. உலகத்தில் வேறு எந்த ஆய்வாளனுக்கும் கிடைக்காதது என் வீட்டில், என் சாப்பாட்டு மேசையில், எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. மெல்ல வளரும் நோய்தானே, ஆறு மாதம் மட்டும் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். "சர்க்கரை கொஞ்சம் கூட. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நானே டெஸ்ட் பண்றேன்" என்றேன். "வீட்டுலயே டாக்டர் இருக்கறது நல்லதுதான்" என்றாள். ஆய்வு மையத்தின் குளிர்பெட்டியில் அவள் இரத்தத்தைப் பதினேழாம் எண் என்று எழுதி வைத்தேன்.

ஆறு மாதம் ஒரு வருடமானது. வரைபடத்தில் ஒரு வருடத்துக் கோடு மிக அழகாக வந்திருந்ததால் இரண்டாம் வருடத்தையும் பார்க்க வேண்டியதாயிற்று.

கல்யாண நாள்தோறும் அவளைப் புதுச்சேலை கட்டச் சொல்லி, வரவேற்பறை வெள்ளைச் சுவரின் முன் நிறுத்திப் படம் எடுப்பேன். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. "எங்க வீட்டுக்காரருக்கு என் மேல எவ்ளோ ஆசை பாரு" என்று தங்கையிடம் சொல்வாள். ரூபினி அவளுக்கு ஒரே தங்கை. சுங்கை பட்டாணியில் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள்.

நாலாம் வருடப் படத்துக்கு பிரேமா நிற்க மறுத்தாள். "என் மூஞ்சி எனக்கே பிடிக்கல. ஆம்பள மாதிரி ஆயிட்டேன்" என்றாள். எனக்கு நீ எப்போதும் அழகுதான் என்று சொல்லி நிற்க வைத்தேன். அது பொய்யல்ல. அவள் முகத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் எனக்கு முக்கியமானதாக இருந்தது.

அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. காலைக் கூட்டத்தில் தேவாரம் பாடுவது அவள்தான். மூன்றாம் வருடத்தில் குரல் கனத்தது. ஒரு நாள் பாதியில் குரல் உடைந்து, பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்றபடியே அழுதாள். அதன் பிறகு அவள் பாடவில்லை.

பிள்ளை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எப்படியும் கேட்பீர்கள். இரண்டாம் வருடத்தின் கடைசியில் அவளுக்கு மாதவிடாய் நின்றது. கட்டி அழுத்தினால் அப்படி ஆகும். பினாங்கில் ஒரு குழந்தைப்பேறு நிபுணரிடம் போகலாம் என்று கெஞ்சினாள். அவர் பார்த்தால் முதல் வேலையாக ஸ்கேன் எழுதுவார். "அவசரப்படாத, இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்" என்றேன். கொஞ்ச நாள் என்பது நான்கு வருடங்களுக்கு நீண்டது. என் அம்மா அவளை ஏதேதோ சொன்னார். பிரேமா செவ்வாய்க்கிழமைகளில் விரதம் இருந்தாள். "குறை என்கிட்டதான். உங்கள வேற கல்யாணம் பண்ணிக்கச் சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறீங்க" என்று ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளை விட்டுப் போக நினைத்ததே இல்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வருடத் தகவலோடு 2023ல் கட்டுரையை ஒரு வெளிநாட்டு இதழுக்கு அனுப்பினேன். முதல் முறையாக அவர்கள் புகழ்ந்து எழுதினார்கள். இப்படி ஒரு தொடர்ச்சியான பதிவு இதுவரை வந்ததில்லை என்றார்கள். இன்னும் ஒரு வருடத் தகவல் சேர்த்தால் வெளியிடுவதாகச் சொன்னார்கள். அந்தக் கடிதத்தை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று தெரியாது. பரஞ்சோதிக்கும் அனுப்பினேன். அவன் பதில் எழுதவில்லை.

அதற்கு அடுத்த மாதம்தான் ரூபினி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிரேமா கதவு நிலையில் தோள் இடித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, கடைக்கு வரச் சொல்லிக் கண்ணைப் பரிசோதித்திருக்கிறாள்.

"மாமா, அக்காவுக்கு நேரா பாக்கறது எல்லாம் ஓகே லா. ரெண்டு பக்கமும் ஓரம்தான் இல்ல. பக்கத்துல வெரல வச்சு ஆட்டறேன், தெரியலங்கிறா. இது கண்ணு பிரச்சினை இல்ல, உள்ள ஏதோ நரம்ப அழுத்துது. லெட்டர் எழுதியிருக்கேன், உடனே ஸ்கேன் எடுங்க."

"நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"அக்கா மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது மாமா."

"சொல்றேன்மா."

கடிதத்தைப் பதினேழாம் எண் கோப்பில் சேர்த்தேன். பார்வைப் பரப்பு குறையத் தொடங்கிய தேதி அதன் மூலம் உறுதியானது. அதுவரை அது என்னிடம் இல்லை. இரண்டு வாரம் கழித்து ரூபினி போன் செய்தாள். ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, ஒன்றுமில்லை, நரம்புத் தளர்ச்சி என்கிறார்கள் என்று சொன்னேன். பிரேமாவிடம் மோட்டார் ஓட்டாதே என்று சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள். அதற்குப் பதிலாக மோட்டாருக்குப் பெரிய பக்கக் கண்ணாடிகள் மாட்டிக் கொடுத்தேன். எனக்கு அக்கறை இல்லை என்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆறாம் வருட அளவு எடுக்க ஏழு மாதம் இருந்தது. அதில் ஆறு மாதமும் பதினொரு நாளும் ஒரு குறையும் இல்லாமல் போயின.

அன்று காலை பள்ளிக்குப் போகும் வழியில், குருணில் கிளைச்சாலையிலிருந்து பெரிய சாலைக்குத் திரும்பினாள். வலப்பக்கம் வந்த லாரி அவளுக்குத் தெரியவில்லை. தொடை எலும்பு முறிந்தது. தலையில் அடி. மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தபோது கட்டி மூன்றரை சென்டிமீட்டர் இருந்தது. விபத்தின் அதிர்ச்சியில் அதற்குள் இரத்தம் கசிந்து பார்வை நரம்பை முழுக்க நசுக்கியிருந்தது. இரண்டாம் நாளே அறுவை சிகிச்சை செய்தார்கள். உயிர் பிழைத்தாள். வெளிச்சம் இருட்டு தவிர வேறொன்றும் இப்போது அவளுக்குத் தெரிவதில்லை.

"இத்தனை வருசமா வீட்டில யாருமே கவனிக்கலையா?" என்று அந்த இளம் டாக்டர் கேட்டார். என்னைப் பார்த்து அப்படிக் கேட்டது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

மருத்துவமனைப் படிவத்துக்காக பிரேமாவின் ஐசியைத் தேடி ரூபினி என் மேசையைத் திறந்தாள். கோப்பு கிடைத்தது. பன்னிரண்டு படங்கள், இரத்த முடிவுகள், அவள் எழுதிய கடிதம் எல்லாம் வரிசையாக இருந்தன. நான் எதையும் ஒளித்து வைக்கவில்லை. அவள் கத்தவில்லை. கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து அக்காவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

மறுநாள் பிரேமா என்னைக் கூப்பிட்டனுப்பினாள். தலைக்கட்டோடு சுவர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் வந்து நின்றது காலடிச் சத்தத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"ஸ்கூல்ல என் குரல் உடைஞ்சப்ப வீட்டுக்கு வந்து அழுதேன்ல. அன்னிக்கு நீங்க என்ன எழுதினீங்க? ரூபினி அந்தப் பக்கத்த மட்டும் படிக்க மாட்டேங்கிறா."

எனக்கு அது மனப்பாடம். "குரல் தாழ்ந்துள்ளது. மனநிலை சற்றுத் தளர்வு. மற்றபடி உடல்நிலை சீர்" என்று சொன்னேன்.

அவள் போர்வையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். பிறகு, "நான் உங்க முதுகுல சாஞ்சுக்கிட்டு அழுதேன். அது எழுதலையா?" என்று கேட்டாள்.

எழுதவில்லை என்றேன். அது தகவலாகாது. அவள் போகச் சொன்னாள்.

நடந்தது இவ்வளவுதான். நோய் இருப்பது முதல் வாரத்திலிருந்தே எனக்குத் தெரியும். குணப்படுத்தலாம் என்று தெரியும். கண் போகும் என்றும் தெரியும். அவளுக்குச் சொல்லாமல் ஆறு வருடங்கள் வளரவிட்டேன். விபத்தை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. எந்தக் குற்றப் பிரிவில் வேண்டுமானாலும் போடுங்கள், கையெழுத்திடுகிறேன். ஆனால் அந்தக் கோப்பை அழித்துவிட வேண்டாம். இன்னொருவர் அதை மறுபடி எழுத முடியாது.

ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகான ஆறாம் மாத அளவு இந்த மாதம் பதினெட்டாம் தேதி எடுக்கப்பட வேண்டும். அது இல்லாமல் கோடு பாதியில் நிற்கும். பிரேமா இப்போது ரூபினியின் வீட்டில் இருக்கிறாள். என்னை உள்ளே விடுவதில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் ரூபினி கேட்பாள். இரத்தம்கூட வேண்டாம், இரண்டு படங்கள் போதும். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, பேசாமல் நின்றால், வந்தது யாரென்று அவளுக்குத் தெரியப்போவதில்லை.