நடைவண்டியின் இடது சக்கரம்

சக்கரம் வட்டமாக இருந்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், மாப்பிள்ளை. வட்டத்தைவிடத் துளைதான் முக்கியம். காலையில் நீங்கள் நடைவண்டியைக் கவிழ்த்து, இடது சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, இது யார் கடைஞ்சது?" என்று கேட்டீர்களே, உங்கள் விரல் கண்டுபிடித்துவிட்டது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மறைமலை நகர் கம்பெனியில் நாள் முழுக்க உதிரிபாகங்களைச் சோதித்து, பிசகானதைக் கழிக்கிற கை அல்லவா. கிறிஸ்டி பக்கத்தில் இருந்ததால் பேசாமல் இருந்தேன். இப்போது அவள் உள்ளே ரூபனைத் தூங்க வைக்கிறாள். சொல்கிறேன், உட்காருங்கள்.

ரயில்வே சிக்னல் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றதும் இந்தச் சின்னக் கடைசல் மிஷினை வாங்கி போர்ட்டிகோவில் வைத்தேன். முதலில் பம்பரம், மத்து, சப்பாத்திக் குழவி. உங்கள் மாமியார் ரோஸி உயிரோடு இருந்தவரை, சாப்பாட்டில் மரத்தூள் விழுகிறது என்று திட்டிக்கொண்டே இருப்பாள். அவள் போன பிறகு, கிறிஸ்டியையும் உங்களுக்குக் கட்டிக்கொடுத்த பிறகு, திட்ட ஆளில்லை. செம்பாக்கத்தில் எங்கள் தெருவில் உடைந்ததெல்லாம் இங்கே வர ஆரம்பித்தது. எதிர்வீட்டுச் செல்லம்மா ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து, "இன்னாண்ணா, சும்மாதானே குந்திகினு கீறே, இத்தப் பாரேன். கால் ஆடிக்கினே கீது, என் வூட்டுக்காரர் மாதிரி" என்றாள்.

நாற்காலி எடை தாங்கும் இடத்தில் உடைவதில்லை, ஆடும் இடத்தில்தான் உடைகிறது. அதனால் முறிந்த காலை ஒட்டுவதற்கு முன்னால் எது ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுக்காமல் அதன்மேல் புதிய பசை வைத்தால் பார்வைக்கு ஒட்டியிருக்கும், உட்கார்ந்தால் பிரிந்துவிடும். இதெல்லாம் நானாகக் கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டது. எந்தப் பொருளையும் கழற்றினால் அது ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துவிடும். அதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

தலைப்பிரசவத்துக்கு கிறிஸ்டி இங்கே வந்ததும், நாள் நிறையும் முன்பே ரூபன் பிறந்ததும், கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் கிடந்ததும் உங்களுக்குத் தெரியும். அப்போது உங்கள் அம்மா ஜான்சி ஒரு வேண்டுதல் வைத்தார். பிள்ளை பிழைத்தால், கோயில் வாசலிலிருந்து பீடம்வரை யாரும் தூக்காமல் தன் காலால் நடந்து போக வேண்டும். அதன் பிறகுதான் தாயும் பிள்ளையும் நாவலூரில் உங்கள் வீட்டுக்குள் வர வேண்டும். நானும் பக்கத்தில் நின்று ஆமென் சொன்னேன். அன்றைக்கு அந்தப் பிள்ளை பிழைத்தால் போதும் என்பதைத் தவிர என் மனதில் வேறு எதுவும் இல்லை.

பிழைத்தான். கிறிஸ்டியும் இங்கேயே இருந்தாள். காலையில் எழுந்தால் கொடியில் சின்னச் சின்னத் துணிகள். "அப்பா, காபி ஆறிப்போச்சு, மிஷின நிறுத்துங்க" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். இதை உங்களுக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. மற்ற எல்லாவற்றையும் விளக்க முடிகிறது.

பிறகு உங்கள் அம்மா அந்தப் பழைய நடைவண்டியைக் கொண்டுவந்தார். "அண்ணா, எட்வின் இதுலதான் நடந்து பழகினான். அச்சு ஒடைஞ்சு லாஃப்ட்ல கெடந்துச்சு. உங்க கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்றார். "இது ஓடிச்சுன்னா உங்க பேரன் ஓடிருவான், அப்பறம் எங்க வீட்டுக்குத்தான்" என்று நீங்களும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

முதலில் அதை நன்றாகத்தான் சரிசெய்தேன், மாப்பிள்ளை. இதை நீங்கள் நம்ப வேண்டும். புதிய அச்சு போட்டேன், மூன்று சக்கரங்களையும் வேப்ப மரத்தில் கடைந்தேன், சிவப்பு அரக்குப் பூசினேன். ரூபன் பிடித்துக்கொண்டு எழுந்தவன், கூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரே ஓட்டமாகப் போய்ச் சுவரில் முட்டிச் சிரித்தான். அன்று சாயங்காலமே கிறிஸ்டி உங்களுக்குப் போன் செய்தாள். "அடுத்த மாசமே கோயிலுக்கு வெச்சுக்கலாம். அத்தைகிட்ட சொல்லிடுங்க" என்றாள். அவள் குரலில் இருந்த மகிழ்ச்சியை நான் போர்ட்டிகோவில் இருந்தபடி கேட்டேன்.

எண்ணெய் போடுவதற்காகத்தான் இடது சக்கரத்தைக் கழற்றினேன். கழற்றிய பிறகு அதே மாதிரி இன்னொன்று கடைந்தேன். அதே மரம், அதே அளவு, அதே அரக்கு. துளையை மட்டும் நேராகப் போடாமல் இம்மி சாய்த்துப் போட்டேன். அப்படிப் போட்டால் சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் சட்டத்தை உரசும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். உரசும்போது வண்டி இடது பக்கம் இழுக்கும். நேராகப் போக வேண்டுமென்றால் பிள்ளை இடது கைப்பிடியை அதிகமாகத் தள்ள வேண்டும். அதற்கு இடது பாதத்தின் நுனியில் எழும்ப வேண்டும். பெரியவர்கள் என்றால் வண்டி சரியில்லை என்று சொல்லிவிடுவோம். குழந்தைக்கு அது தெரியாது. தரை என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளும்.

கொஞ்ச நாளைக்கு நடை தள்ளிப்போகும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். கிறிஸ்துமஸ்வரை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். நுனிக்காலிலேயே வண்டியை நேராக ஓட்டப் பழகிவிட்டான். அதனால் துளையை இன்னும் கொஞ்சம் சாய்த்து வேறொரு சக்கரம் கடைய வேண்டியதாயிற்று. அதற்கும் பழகினான். வண்டியை விட்டு நடக்கச் சொன்னால் மட்டும் குதிகால் தரையில் படாமல் இடது பக்கமாகப் போய் விழுவான். "குறைமாசத்துல பொறந்த பிள்ளைங்க சிலதுக்கு இப்படி இருக்கும்" என்றார் மேடவாக்கம் டாக்டர். பயிற்சி கொடுக்கும் பெண், வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். நடைவண்டி இருக்கிறது என்றாள் கிறிஸ்டி. "அது ரொம்ப நல்லது மேடம், தினமும் விடுங்க" என்றாள். என் மகள் தினமும் விட்டாள்.

ஒருநாள் அவள் சமையலறையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். "நான்தாம்ப்பா காரணம். ஏழாம் மாசம் வேணாம் வேணாம்னு சொல்லியும் ஸ்கூட்டர் ஓட்டினேன்ல." நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். "ஆண்டவர் பாத்துக்குவார்மா" என்றேன்.

மறுநாள் முதலில் கடைந்த நல்ல சக்கரத்தைத் தேடி எடுத்து மாட்டினேன். எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தது. ரூபன் வழக்கம்போல இடது கையால் அழுத்தித் தள்ளினான். இழுப்பதற்கு இப்போது எதுவும் இல்லாததால் வண்டி வலது பக்கம் சீறிப்போய் நிலைப்படியில் மோதியது. அவன் புருவத்தில் போட்ட தையல் அதனால் வந்ததுதான். மரத்தில் தப்பு நடந்தால் அதை ஓரமாகப் போட்டுவிட்டு வேறு கட்டை எடுக்கலாம். அந்தப் பிள்ளைக்கு நேரான சக்கரமே கோணலாகிவிட்டது. வேறு வழி தெரியவில்லை. அவன் திரும்பவும் அடிபடக் கூடாதே என்று சாய்ந்த சக்கரத்தையே மாட்டினேன்.

இப்போது குதிகாலுக்கு மேலே தசைநார் இறுகிவிட்டது என்கிறார்கள். திங்கட்கிழமை முழங்கால்வரை மாவுக்கட்டு போடுகிறார்கள், பிறகு பிரித்துப் பிரித்துப் பல தடவை. அதிலும் இளகாவிட்டால் ஆபரேஷன். டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். எப்படி வந்தது என்று தெரிந்தால் அவருக்கு உதவியாக இருக்கும். கிறிஸ்டியிடமும் நீங்களே சொல்லுங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டாள், அப்பாவுக்கு மனசு சரியில்லை என்று இன்னும் என்கூடவே இருந்துவிடுவாள். ஆமாம், அதையும் யோசித்துப் பார்த்தேன். இதோ, நான் கடைந்த இடது சக்கரங்கள் எல்லாம் இந்தப் பையில் இருக்கின்றன. எதை எப்போது மாட்டினேன் என்று கேட்டால் தொட்டே சொல்வேன். குழந்தையின் காலைக் கெடுத்தது நான்தான். தெரிந்தேதான் செய்தேன்.

ஆனால் அவன்மேல் எனக்குப் பாசம் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அதோ அந்தத் துணியை எடுத்துப் பாருங்கள். கட்டுப் போட்ட காலோடு பிள்ளையைத் தரையில் விட முடியாது என்று ஒரு நாற்காலி செய்துகொண்டிருக்கிறேன். நல்ல தேக்கு. காலை நீட்டி வைக்க முன்னால் பலகை. இடுப்புக்கு ஒரு வார், விழாமல் இருக்க. சக்கரம் கிடையாது, பயப்படாதீர்கள். நாற்காலியின் கால்களில் வரிசையாகத் துளை போட்டிருக்கிறேன், ஒவ்வொன்றும் நேராக இருக்கிறது, விரல் விட்டுப் பாருங்கள். அவன் வளர வளர முளையைக் கழற்றி உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். அளந்துதான் செய்தேன், மாப்பிள்ளை. அவன் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை இது தாங்கும்.