பாட்டைக் கழித்தால் மிச்சம்

உண்மையைச் சொன்னால், மேடம், நான் அவ்வளவாகப் பாட்டுக் கேட்பவன் இல்லை. இணையத்தில் பாட்டு ஒலிபரப்பும் நிறுவனத்தில் இத்தனை காலம் வேலை பார்த்தவன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். எனக்குப் பிடித்தது பாட்டு போய்ச் சேரும் வழி. எங்கோ குளிரூட்டிய அறையில் இருக்கும் இயந்திரத்திலிருந்து ஒரு பாட்டு துண்டு துண்டாகக் கிளம்புகிறது. துண்டுகள் முன்னே பின்னே வந்து சேருகின்றன. ஆனால் கேட்பவர் காதில் ஒரு விக்கல்கூட இல்லை. அதைச் செய்தது நான் எழுதிய பிளேயர்.

அது எப்படி ஓடியது என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். அந்தக் காலத்தில் பிரவுசருக்குத் தானாகப் பாடத் தெரியாது. எழுத்தைக் காட்டும், படத்தைக் காட்டும். பாட வேண்டுமென்றால் வெளியிலிருந்து ஒரு துணை நிரலைக் கொண்டுவந்து அதற்குள் குடிவைக்க வேண்டும். என் பிளேயர் அந்தத் துணை நிரலின் மேல் கட்டியது. பிறகு பிரவுசர்களே பாடக் கற்றுக்கொண்டன. துணை நிரலை உண்டாக்கியவர்களே, அது வெளியாள் கணினிக்குள் நுழைய வழிவிடுகிறது என்று அதைக் கைகழுவினார்கள். நாங்கள் மட்டும் விடவில்லை. நன்றாக ஓடுவதை எதற்கு மாற்ற வேண்டும் என்பது என் கட்சி.

வாடிக்கையாளர்கள் அப்படி நினைக்கவில்லை. எங்கள் தளத்தின் இணைய மன்றத்தில் ஒரு பெண் ஆரம்பித்தார். புத்தகப் பக்கங்களை வடிவமைக்கிறவர், வீட்டிலிருந்தே வேலை, நாள் முழுக்கப் பாட்டு ஓட வேண்டும். மழைக்குருவி என்ற பெயரில் எழுதுவார். அவர் எழுதியது எனக்கு மனப்பாடம்.

“வீட்டுக் கதவைத் திறந்து வெச்சாதான் ரேடியோ பாடும்னு சொன்னா யாராவது ஒத்துப்பீங்களா? இந்த ஓட்டை பிளேயர் அதைத்தான் கேக்குது. தூக்கிட்டுப் புதுசா போடுங்க. இதை எழுதின ஆள் இன்னும் வேலையில இருந்தா, யாராவது பக்கத்துல போய் அவரை எழுப்பி விடுங்க.”

கீழே ஆயிரக்கணக்கானவர்கள் ஆமாம் போட்டார்கள். எங்கள் மேலாளர் அதை அச்சடித்துக் காப்பி இயந்திரத்துக்கு மேலே ஒட்டினார். தினமும் என் மேசையைத் தாண்டும்போது, “அண்ணே, எழுந்தாச்சா?” என்பார். கடைசியில் நிறுவனம் பணிந்தது. புதுப் பிளேயர் செய்ய இளைஞர்கள் வந்தார்கள். பழையதை நிறுத்தத் தேதி குறித்தார்கள். என்னைப் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதும் பிரிவுக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். நான் யாரிடமும் சத்தம் போடவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கதவு என்று அவர் சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை. ஒரு காலத்தில் எங்கள் தளத்தில் ‘கூடவே பாடு’ என்று ஒரு வசதி இருந்தது. இசை மட்டும் ஒலிக்கும், வாடிக்கையாளர் மைக்கில் பாடுவார். மைக்கைத் திறக்கலாமா என்று துணை நிரல் அனுமதி கேட்கும். தடவைக்குத் தடவை கேட்டால் எரிச்சல் வரும், ஆகவே ஒரே முறை சம்மதித்து நினைவில் வைக்கச் சொல்லலாம். வசதியை எடுத்த பிறகும் அந்தச் சம்மதம் அவரவர் கணினியிலேயே தங்கிவிட்டது. மழைக்குருவியும் ஒருநாள் பாடியிருக்கிறார். கேமரா என்றால் பக்கத்தில் விளக்கு எரியும். அவர் கணினியில் மைக்குக்கு விளக்கு கிடையாது.

அவர் வாயைத் திறந்தால் ஏதாவது அகப்படும், மன்றத்தில் தலைகாட்ட முடியாமல் செய்யலாம் என்பது மட்டும்தான் என் எண்ணம். மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் அவர் மைக்கைத் திறந்து ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். முதலில் பாட்டுச் சத்தம் பேச்சை அமுக்கியது. ஆனால் அந்த அறையில் என்ன பாட்டு ஓடுகிறது என்று எனக்குத் தெரியும், அனுப்புவதே நாங்கள்தானே. வருகிற ஒலியிலிருந்து அந்தப் பாட்டைக் கழித்துவிட்டால் மிச்சம் மனிதக் குரல். அதற்கு நான் எழுதிய சிறு நிரல் உண்மையிலேயே அழகானது. நேரம் இருந்தால் விளக்குகிறேன்.

அங்கே இரண்டு குரல்கள் இருந்தன.

“ஏய், சன்னல்கிட்ட நிக்காதடி.”

“நாலாவது மாடியில யாரு பாக்கப் போறாங்கக்கா? காக்காதான் பாக்கணும்.”

“அந்தக் காக்கா போய் டைல்ஸ் கடையில சொல்லிட்டா?”

“சொன்னா, ரெண்டு டைல்ஸ் குடுத்து அதையும் ஏமாத்தி அனுப்பிடுவான். ஐயோ, சிரிக்க வைக்காதக்கா. விலா வலிக்குது.”

“இன்னுமா வலிக்குது? டாக்டர்கிட்டயும் வரமாட்டேங்கற.”

“வெளிய வந்தா பாத்துடுவான்க்கா. இந்தத் தடவ விலாவோட விடமாட்டான். அவனே சொன்னான்.”

“கடை போர்டுல பாரு, ‘குடும்பங்களின் நம்பிக்கை’யாம். அந்த போர்டை எடுத்து அவன் தலையிலயே போடணும்.”

அந்தப் பலகை வாசகத்தைத் தேடினேன். கடை உடனே கிடைத்தது, கைபேசி எண்ணும் இருந்தது. அக்காதான் மழைக்குருவி, அவர் முகவரி எங்கள் சந்தா விவரத்தில் இருந்தது. தங்கை சிரிக்கிற அந்தச் சின்னத் துண்டை மட்டும் வெட்டி, முகவரியோடு அனுப்பிவைத்தேன். மனைவி எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளக் கணவனுக்கு உரிமை இல்லையா? குடும்ப விஷயத்தில் வேறு எதற்கும் நான் மூக்கை நுழைக்கவில்லை.

“ரொம்ப நன்றி தம்பி” என்று பதில் வந்தது. இத்தனை வருஷத்தில் என் வேலைக்கு யாரும் அப்படி எழுதியதில்லை. இரண்டு மூன்று முறை படித்தேன்.

அவர் மறுநாள் மதியமே போனார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அழைப்பு மணி அடித்தது. கூரியராக இருக்கும் என்று அக்கா எழுந்து போனார். பிறகு நாற்காலி ஒன்று விழுந்தது. தங்கை முதலில் அவரிடம் மரியாதையாகத்தான் பேசினாள், வாங்க, உக்காருங்க என்றாள். அதன் பிறகு அவள் பேசியது கொஞ்சம்தான். அக்காதான் விடு, விட்டுடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த நேரம் முழுவதும் பாட்டு ஓடியது, அதை நிறுத்த அங்கே யாருக்கும் கை ஒழியவில்லை. நான் பாட்டைக் கழித்துக் கேட்டேன். எல்லாம் தெளிவாக இருந்தது. தங்கையின் மூச்சு எப்போது நின்றது என்பதை உங்கள் டாக்டரைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியும்.

நேற்று நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். “கேட்டுட்டே இருந்தீங்களே, ஸ்டேஷனுக்கு ஒரு போன் பண்ணியிருந்தா அந்தப் பொண்ணு பிழைச்சிருப்பாளே. ஏன் பண்ணலை?” யோசித்துச் சொல்ல வேண்டிய கேள்வி அது, இன்று சொல்கிறேன்.

போன் கையில்தான் இருந்தது. எண்ணைக்கூட அழுத்தினேன். ஆனால் உங்களுக்குச் சொல்வதென்றால், அங்கே நடப்பது எனக்கு எப்படிக் கேட்டது என்பதையும் சொல்ல வேண்டிவரும். சொல்லியிருந்தால் என் பிளேயர் ஆபத்தானது என்று எல்லாரும் நம்பியிருப்பார்கள், மேடம்.