மஞ்சள்னா ஜீரோ

மீன் குளத்துத் தண்ணிய டெஸ்ட் பண்றப்ப வெளிச்சம் ரொம்ப முக்கியம்க்கா. டியூப்லைட்டுக்குக் கீழ வச்சுப் பாத்தா மஞ்சளும் வெளிர்பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். நான் எப்பவும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய், பின்னாடி வெள்ளைப் பேப்பர் வச்சுதான் பாப்பேன். ஏதோ அலட்சியமா செய்றவன்னு மட்டும் நினைச்சிடாதீங்க.

உங்க வீட்டுப் பின்னாடி குளத்துல பதினோரு மீனும் எப்படிச் செத்துச்சுன்னு மெசேஜ் போட்டிருந்தீங்க. பக்கத்து வீட்டுக்காரன், தினம் வந்து போறவன், எனக்குத் தெரிஞ்சிருக்கும்னு கேட்டீங்க. தெரியும். வரிசையாவே சொல்றேன்.

உங்க அப்பா, அதாவது மாமா, ஸ்ட்ரிப் வச்சிருந்தார். காகிதப் பட்டை, தண்ணில முக்கினா கலர் மாறும், அவ்ளோதான். என்னோடது சொட்டு விடுற கிட். குட்டிக் குழாய்ல அஞ்சு மில்லி தண்ணி, ரெண்டு பாட்டில்லேர்ந்தும் எட்டெட்டு சொட்டு, குலுக்கிட்டு அஞ்சு நிமிஷம் வெயிட் பண்ணணும். மஞ்சளாவே நின்னா அமோனியா ஜீரோ. பச்சையானா மீனுக்கு ஆபத்து. பட்டைய நம்பாதீங்க மாமான்னு நான் சொல்லாத நாளில்ல. "வாடா சயின்டிஸ்ட், இன்னிக்கு சொட்டு மருந்து மீனுக்கா எனக்கா"ன்னு ஓட்டுவார்.

மீன் வளக்கிறவங்க குரூப்புல ஏழு விதமான டெஸ்ட் கிட்டையும் ஒப்பிட்டு நான் ஒரு டேபிள் போட்டிருந்தேன். முந்நூறு பேருக்கு மேல சேவ் பண்ணி வச்சிருக்காங்க. அதுல பட்டைக்குக் கடைசி இடம். மாமாவும் அந்த குரூப்புல இருக்கார்.

போன மாசம் மாமா ஃபில்டர் ஸ்பாஞ்ச குழாயடில காட்டி பளிச்சுன்னு கழுவிட்டார். குழாய்த் தண்ணி குளோரின், ஸ்பாஞ்சுல இருக்கிற நல்ல பாக்டீரியாவக் கொன்னுடும். அப்புறம் மீனோட கழிவு அமோனியாவாவே தேங்கும். மூணாம் நாள் அவர் பட்டை பச்சை காட்டுச்சு. பதறிப்போய், முந்தின நாளே டிரம்ல பிடிச்சு வச்ச தண்ணிய வாளி வாளியாத் தூக்கி தினம் பாதிக் குளத்த மாத்த ஆரம்பிச்சார், அந்த முதுகுவலியோட. என்னையும் கூப்பிட்டார். என் குழாய் மஞ்சள். உடனே போட்டோ எடுத்து குரூப்புல போட்டேன், பட்டை பொய் சொல்லுது, இதோ ஆதாரம்னு. மாமா தம்ஸ் அப் போட்டார். ஆனா வாளியக் கீழ வைக்கல.

அது எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. வீட்டுக்கு வந்து, தரை துடைக்கிற அமோனியா லிக்விட்ல ரெண்டு சொட்டு ஒரு டம்ளர் தண்ணில விட்டு என் கிட்டால டெஸ்ட் பண்ணேன். கரும்பச்சை ஆகியிருக்கணும். மஞ்சளாவே நின்னுச்சு. பாட்டில் அடியில தேதி பாத்தேன். முடிஞ்சு ரெண்டு வருஷம்.

சொல்லியிருக்கலாம். குரூப்புல டைப்கூட பண்ணேன். அப்புறம் அழிச்சிட்டேன்.

மறுநாள் மாமா டீ போட உள்ள போனப்ப, பட்டை டப்பாவத் திறந்து ஈரக் கையால ஒரு கிளறு கிளறி மூடி வச்சேன். ஈரம் பட்ட பட்டை செத்த பட்டை, எதுல முக்கினாலும் வெளுத்துத்தான் இருக்கும். சாயங்காலம் மாமா முக்கிப் பாத்தார். ஜீரோ. "உன் கிட் சொன்னதுதான்டா சரி. நான்தான் சும்மா பயந்து செத்தேன்"னு சிரிச்சார். வாளியக் கவுத்து வச்சார்.

அத்தைக்கு ஸ்ட்ரோக் வந்ததுலேர்ந்து வலது கை வரலேன்னு உங்களுக்கே தெரியும். பிசியோ சொல்ற எந்தப் பயிற்சியும் செய்ய மாட்டாங்க. குளத்துக்கிட்ட சேர் போட்டு உக்கார வச்சா மட்டும், மீனுக்குத் தீனிய அந்தக் கையாலதான் போடுவாங்க. நடுங்கி நடுங்கி தோள் வரைக்கும் தூக்குவாங்க.

வாளியக் கவுத்த நாலாம் நாள் மீனெல்லாம் மேல வந்து வாயத் திறந்து திறந்து மூடுச்சு. ஏன்டா இப்படின்னு மாமா கேட்டார். வெயில் ஜாஸ்தி, ஆக்சிஜன் கம்மி, ஏர் பம்ப் போடுங்கன்னேன். அத்தை தீனி போட்டாங்க. ஒரு மீனும் தொடல. பசிக்கலியோ, பிடிக்கலியோன்னு இன்னும் இன்னும் போட்டாங்க. தண்ணில அழுகுற தீனியும் அமோனியாதான்க்கா. பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். போதும் அத்தைன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. அதான் சொல்லல.

ஒரு வாரத்துக்குள்ள பதினொண்ணும் போச்சு. இப்ப அத்தையோட கை மடியிலயே கெடக்கு. ஸ்பாஞ்ச கழுவின தன்னாலதான்னு மாமா புலம்புறார். நான் மறுத்துப் பேசல, ஒரு வகையில அது உண்மைதானே.

பட்டைய நனைச்சது நான். காரணம் தெரிஞ்சும் வாய மூடிட்டு நின்னது நான். மாமாகிட்ட நீங்களே சொல்லிடுங்க, என்னால முடியல. ஆனா ஒண்ணு மட்டும் நியாயமா யோசிங்கக்கா. டேபிள்ல அந்தப் பட்டைக்கு நான் போட்ட மார்க் இப்பவும் சரிதான். கொஞ்சூண்டு ஈரம் பட்டதுக்கே அப்படிப் பொய் சொல்லுச்சே, அத நம்பி எப்படி ஒரு உயிர வளக்கிறது.