ஒன்பது குழாய்கள்

எனக்கு லேசான கை, ஐயா. ரபீக் ஊசி குத்தினால் வலி தெரியாது என்று கம்பத்துப் பெண்களே சொல்வார்கள்.

மார்புப் புற்றுநோய் மூளைக்குப் பரவப்போவதை ரத்தத்திலுள்ள ஒரு புரதம் முன்கூட்டியே காட்டிக்கொடுக்குமா என்று மதுரையில் டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். சிகிச்சை முடிந்த பெண்களிடம் மாதாமாதம் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, நாலு மணி பஸ்ஸில் அனுப்புவது என் வேலை. அளவு கூடினால் உடனே தலைக்கு இலவச ஸ்கேன். ஒரு மாதம் தவறினாலும் பெயரை நீக்கிவிடுவார்கள்.

2008 ரமலானில் மெகருன்னிசா அக்கா கையை நீட்டவில்லை.

"நோன்பு வச்சிருக்கேன் தம்பி. ரத்தம் எடுத்தா முறிஞ்சிரும்."

"முறியாதுன்னு பள்ளிவாசல் அஜரத்தே சொன்னாக அக்கா."

"இதுதான் எனக்குக் கடைசி நோன்போ என்னமோ. பெருநா கழியட்டும்."

நோன்பு திறந்தபின் எடுத்தால் பஸ் போயிருக்கும். இரவு தாண்டினால் ரத்தம் கெட்டுவிடும். சில நாளாக அக்காவுக்குக் காலையில் தலைவலியும் வாந்தியுமாக இருக்கிறது என்று அவர் கணவர் மீரான் மைதீன் வாசலில் வைத்துச் சொன்னார். விடியுமுன் சாப்பிட்ட சஹர் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்றேன்.

பெயர் போனால் ஸ்கேனும் போய்விடும். அக்காவுக்காகத்தான் யோசித்தேன். வழியில் ஒரு திராட்சைத் தோட்டத்து மோட்டார் அறையில் உட்கார்ந்து, அவர் எண் ஒட்டிய குழாயில் என் ரத்தத்தை நிரப்பினேன். நானும் நோன்புதான். வலிக்கவில்லை.

அளவு சரியாக இருப்பதாகத் தகவல் வந்தது. நானே போய்ச் சொன்னேன். அக்காவை மதுரையில் காட்டப் பேசி வைத்திருந்த வேனை மீரான் மைதீன் வேண்டாமென்றார்.

"டாக்டருகளே நல்லாருக்குன்னு சொல்லிட்டாக, பெறகென்ன?"

நோன்பு திறக்கும் நேரம்; சந்தோஷத்தில் நோன்புக் கஞ்சி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

பெருநாளன்று அக்காவுக்கு வலிப்பு வந்தது. மூளையில் நான்கு இடத்தில் பரவியிருந்தது. மூன்றாவது வாரம் மௌத்தானார். அடுத்த ரத்தம் எடுக்குமுன்பே இன்னும் இரண்டு பேருக்கு அதேபோல் ஆனது. எவருக்கும் அளவு கூடவில்லை என்பதால் அந்தப் புரதத்தை நம்பிப் பயனில்லை என்று டாக்டர்கள் ஆராய்ச்சியையே நிறுத்திவிட்டார்கள்.

நீங்கள் ஒரு குழாயைப் பற்றித்தான் கேட்டீர்கள். மற்ற இருவரையும் சேர்த்து அந்த மாதம் கை நீட்ட மறுத்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பதிலும் இருந்தது என் ரத்தம்தான்.

ஆனால் ஒன்று, ஐயா. அவர்களில் ஒருத்தர் நோன்பைக்கூட நான் முறிக்கவில்லை.