பேஸ்போலும் ஐப்பசிக் கலியாணமும்

மொன்றியலில், லாசால் பகுதிக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் நிதானமாகச் சொன்னார்: "மகளின்ரை கலியாணத்தை ஐப்பசியிலை வைக்கேலாது. பேஸ்போல் இறுதிச் சுற்று வருது."

"எங்கட மொன்றியல் ரீம் அதுக்குப் போனாத்தானே, அண்ணை?" என்றார் மற்றவர்.

"இந்த முறை போகும். தொடக்கத்திலை பந்து எறியிற பெடியள் மூண்டு பேரும் திறம்."

"கடைசியிலை எறிய வாறவங்கள் வெண்ட மட்சையும் குடுத்திடுவாங்களே."

"அவங்களும் இப்ப பரவாயில்லை."

"அது சரி, மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"ஐப்பசியிலை நல்ல நாள் ஒண்டுமில்லை எண்டு ஐயர் சொன்னவர் எண்டன்."

"ஐயர் உண்மையா அப்பிடிச் சொன்னவரோ?"

"ஓம், சொன்னவர். அவரும் என்னோடைதான் மட்ச் பாக்கிறவர்."